மெத்தைக்காரர் சொந்த வீட்டுக்கு மெத்தை எடுத்த கதை

கடையில் அவருக்கு மெத்தைக்காரர் என்றுதான் பெயர். மெத்தைக் கடையில் ஆறு பேர் நின்று மெத்தை விற்கும்போது ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டால், மற்ற ஐந்து பேர் அங்கே என்ன கொசுவா விரட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் அந்த ஐந்து பேரே பதில் சொல்வார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கைப்பட விற்ற மெத்தை எதுவும் முதுகு வலிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் முக்கால்வாசி நிஜம்.

கடை வாசலில் மூன்று படிகள். ஒரு ஆள் அந்த மூன்று படி ஏறி வருவதற்குள், வந்தவருக்குக் கோளாறு இடுப்பிலா, முட்டியிலா, கழுத்திலா என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு பக்கத்தில் போய் மூன்று கேள்வி கேட்பார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க? காலையில எழுந்ததும் முதல்ல எங்க வலிக்குது? கூட யாரு படுக்கறாங்க? மூன்றாவது கேள்விக்குச் சிலர் நெளிவார்கள். "வேற ஒண்ணுமில்லைங்க, கனம் தெரியணும்" என்று அவர் முகத்தைத் திருப்பாமல் சொல்வார். அதற்கப்புறம் ஆளைப் படுக்க வைத்து இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்ப்பார். கை சுலபமாக உள்ளே போனால் மெத்தை கடினம். போகவே இல்லை என்றால் ரொம்ப மெது. தடுத்துத் தடுத்துப் போனால் அதுதான் அந்த ஆளுக்கு மெத்தை. பெண்கள் வந்தால் கூட வந்தவர்களைக் கையை வைக்கச் சொல்வார்.

பொய் சொல்ல மாட்டார் என்பது அவருக்கு இன்னொரு பெயர். அப்பாவுக்கு என்று கடையிலேயே விலை கூடினதைக் கேட்டு வந்த ஒருவரிடம், "இது உங்க பாசத்துக்குச் சரியா இருக்கும், உங்க அப்பா முதுகுக்கு ஆகாது" என்று சொல்லி, அதில் பாதி விலைக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த ஆள் அடுத்த வருஷத்துக்குள் சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலுமாக ஏழு பேரை அனுப்பி வைத்தார். அன்றிலிருந்து முதலாளி அவர் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் மெத்தை விஷயத்தில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஆளிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அவருடைய மனைவி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இரண்டு அறை உள்ள வீட்டுக்கு அப்போதுதான் குடி வந்திருந்தார்கள். அதுவரை பாயில் படுத்தவள், "ஊருக்கெல்லாம் மெத்தை கொடுக்கறீங்க, நமக்கு ஒண்ணு வரக் கூடாதா" என்று கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கடையில் அந்த மாதம் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போகும் சலுகை நடந்துகொண்டிருந்தது. வந்து குவிந்த பழைய மெத்தைகளைக் கிழித்துப் பஞ்சாக்க ஒருவர் வண்டியோடு வருவார். அந்தக் குவியலில் ஒன்று நல்ல உயர்ந்த ரகம். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இரண்டு வருஷம் அதில் படுத்த படுக்கையாகக் கிடந்து, அதிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். புது மெத்தைக்கு அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனதே மெத்தைக்காரர்தான். "வேணும்னா தூக்கிட்டுப் போ" என்றார் முதலாளி. உறை தைக்கும் டெய்லரிடம் சொல்லி நீலப் பூப்போட்ட புது உறை தைத்து மாட்டி, நுனியில் கம்பெனி அட்டையையும் கட்டி, வீட்டில் கொண்டு போய் இறக்கினார். "புதுசா?" என்று கேட்டாள் அவள். "பின்ன?" என்றார்.

அந்த "பின்ன" தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். வெயிலில் இரண்டு நாள் போட்டு எடுத்து விரித்திருப்பாள். ஆனால் அவள் பக்கத்து வீட்டுக்காரியையும் எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரச் சொல்லிக் காட்டிவிட்டாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருஷம் ஒரே இடத்தில் கிடந்த உடம்பு மெத்தையின் ஒரு பாதியில் பள்ளம் போட்டிருந்தது. புது உறைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, படுத்தால் தெரியும். எந்தப் பாதி என்று மெத்தைக்காரருக்குத் தெரியும். அதை விரித்த அன்றைக்கு, "நான் வெள்ளனே எழணும், நீ சுவர்ப்பக்கம் படுத்துக்கோ" என்று சொல்லி நல்ல பாதியை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு நொடியில் செய்தது, பத்தொன்பது வருஷம் நீடித்தது.

கொஞ்ச நாளில் அவள் பள்ளத்தைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள் மெத்தையைக் குறை சொல்லவில்லை. "என் கனம் தாங்காம குழி விழுந்துருச்சு, உங்க பக்கம் பாருங்க, அப்படியே இருக்கு" என்றாள். எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். பிறகு ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தாள். தட்டில் பாதியை வைத்துக்கொண்டு, "போதும், இல்லாட்டி குழி கட்டிலைத் தொட்டுரும்" என்பாள். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது மட்டும், பல் விளக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுவார்.

இந்த வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். இதயத்துக்குப் பலம் குறைந்துவிட்டது, மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். "தலையும் நெஞ்சும் உயரமா இருக்கணும், முட்டிக்குக் கீழயும் கொஞ்சம் தூக்கி வைக்கணும். அப்படி நல்லா படுத்துத் தூங்கினாங்கன்னா தேறிடுவாங்க. தூக்கம் கெட்டா திரும்ப இங்கதான் வரணும்." வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்ஸ் தலையணைகளை எப்படி அடுக்குவது என்று காட்டிக்கொண்டே, "அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாங்க?" என்று அவரைக் கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக வந்தவர் போனவரையெல்லாம் கேட்ட கேள்வி. முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் கேட்டதில்லை. "அது... ரெண்டு பக்கமும்" என்று மென்று விழுங்கினார். மனைவி அப்போது மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவருக்கு மட்டும் காதுமடல் வரைக்கும் சுட்டது.

வெளியூரில் இருக்கும் மகள் மோட்டார் கட்டில் ஒன்றை வாங்கி அனுப்பினாள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றை அழுத்தினால் முட்டிப்பக்கம் எழும்பும். "கட்டில் என் பொறுப்புப்பா, மெத்தை உங்க பொறுப்பு. அதுல உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றாள் போனில்.

உண்மைதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் கட்டிலுக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஒப்பிக்கிற பாடம் கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆறு இஞ்ச் எடுங்க, மிஞ்சிப் போனா எட்டு. ஸ்பிரிங் வேண்டாம், நார் வெச்சது வேண்டாம், மடக்கினா உடையும். சுத்த லேடெக்ஸ் எடுங்க, ரப்பர்தானே, கட்டில் மடங்கற இடத்துல மடங்கும், நிமிரும்போது நிமிரும். கனமா எடுத்தீங்கன்னா கட்டில் ஒரு பக்கம் போகும், மெத்தை ஒரு பக்கம் போகும்." சொல்லிவிட்டு, மேஜை விளிம்பில் ஒரு மாதிரித் துண்டைப் போட்டு மடக்கிக் காட்டுவார்.

கடையின் நடுவில் ஒரு மேடையில் பத்து இஞ்ச் லேடெக்ஸ் மெத்தை ஒன்று ஒரு வருஷமாகக் கிடந்தது. ஓரமெல்லாம் பொன்னிற நாடா வைத்துத் தைத்தது. கடைக்காரர்கள் அதற்கு மகாராஜா என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லோரும் வந்து தடவிப் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள். மெத்தைக்காரர் நேராக அதன் முன்னால் போய் நின்று, "இதே ரகத்துல ஒத்தைக் கட்டில் அளவுக்கு ஒண்ணு வரச் சொல்லும்மா" என்றார்.

பில் போடும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். பில்லம்மா என்று கூப்பிடுவார்கள், அவரோடு சேர்ந்தே அந்தக் கடையில் நரைத்தவள். "யாருக்கு அண்ணே?"

"வீட்டுக்கு."

"அந்த மோட்டார் கட்டிலுக்கா? அது மடங்காதேண்ணே. நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க?"

"அது மத்தவங்களுக்கு."

"உங்க வீட்டுக் கட்டில் மட்டும் வேற மாதிரியா மடங்கும்?"

"பில்லைப் போடும்மா" என்றார் அவர். வழக்கமில்லாமல் குரல் கடுத்தது. பில்லம்மா போட்டுக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் அவருக்கு மடங்குவதைப் பற்றியெல்லாம் யோசனையே இல்லை. பத்தொன்பது வருஷத்துப் பள்ளத்தை மூடுவதற்கு ஆறு இஞ்ச் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேறு யாராவது இந்த மாதிரி வந்து நின்றிருந்தால் படி ஏறும்போதே கண்டுபிடித்திருப்பார், ஆள் குற்றத்துக்கு மெத்தை வாங்க வந்திருக்கிறார் என்று. கையைப் பிடித்து ஆறு இஞ்ச் பக்கம் கூட்டிப் போயிருப்பார். தனக்கு வரும்போது அந்தக் கண் அவிந்துவிட்டது.

முப்பத்தைந்து கிலோ மெத்தையைக் கடை வண்டிக்காரரும் அவருமாக மூச்சுத் திணற உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். பிளக் பாயிண்ட் முன்னறையில்தான் இருந்தது என்பதால் கட்டிலும் அங்கேதான். அவர் உள்ளறையில் பழைய மெத்தையில். மகாராஜாவின் மேல் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். கட்டில் எழும்பியது. மெத்தையும் எழும்பத்தான் செய்தது, ஆனால் இடுப்பு மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் வில்லாக வளைந்து, கால்மாட்டுப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவர் அதைப் பார்த்தார். பார்த்தும், புதுசு, போகப் போகப் படியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வருகிற ஆட்கள் யாராவது அப்படிச் சொன்னால், "லேடெக்ஸ் படியாதுங்க, வந்த அன்னைக்கு எப்படியோ அப்படித்தான்" என்று சொல்கிறவர்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் அவள். ரப்பர் வாசனைக்கு மூக்கைச் சுளித்துவிட்டு, உடனே சிரித்தாள். "என்னத்துக்கு இவ்வளவு பெரிசு?"

எட்டு நாள் போயிற்று. கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். அவர் கடையில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். பில்லம்மாவிடம் போய், "வீட்டுல நல்லா தூங்கறா" என்று கேட்காமலே சொன்னார். ஆனால் வீட்டில் அவள் கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டெலிவரி இருந்தது. வண்டிக்காரரோடு போனவர், வேலை முடிந்ததும், "அஞ்சு நிமிஷம், வீட்டுல தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று இறங்கி நடந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. முன்னறையில் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு தலையணையைப் போட்டு அதில் கவிழ்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே தொங்கிய பாதம் இரண்டும் ஊதிப் போய் இருந்தன. நாற்காலி முதுகில் போர்வை ஒன்று நான்காக மடித்துத் தொங்கியது, நாள்பட அங்கேயே இருக்கிற மாதிரி.

அவர் கூப்பிடவில்லை. அவளாகவே விழித்துக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி சட்டென்று தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "சும்மா கண்ணசந்துட்டேன். என்ன இந்த நேரத்துல?"

"எத்தனை நாளா?"

"இப்பதான், ஒரு பத்து நிமிஷம்..."

"எத்தனை நாளா இங்க தூங்கறே?"

அவள் தலையணை உறையின் நுனியை நீவிக்கொண்டே இருந்தாள். "நீங்க போய்ப் படுத்தப்புறம் இங்க வந்துருவேன், நீங்க எழறதுக்குள்ள திரும்ப அதுல ஏறிப் படுத்துக்குவேன். அதுல தலைப்பக்கத்தைத் தூக்கினா வழுக்கிட்டே கீழ போயிடறேன். கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டே எப்படித் தூங்கறது? தூக்காம படுத்தா மூச்சு முட்டுது."

"எப்படி இறங்குவே? உனக்கு அதுல கால் எட்டாதே."

"எட்டாது. குப்புறத் திரும்பி, வயித்தால சறுக்கி, கீழ முக்காலி போட்டிருக்கேன், அதுல காலை வெச்சு இறங்குவேன். ஏறும்போதுதான் கொஞ்சம் சிரமம்."

மூச்சு வாங்குகிற பெண்பிள்ளை தினமும் குட்டிச்சுவர் ஏறி இறங்குவது போல அந்த மெத்தையில் ஏறி இறங்கியிருக்கிறாள். முக்காலி ஒருநாள் சறுக்கியிருந்தால்? அவர் எதிரில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிங்க சொல்றது? வாங்கிப் போட்டுட்டுக் குழந்தை மாதிரி என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறீங்க. போன மெத்தையைத்தான் என் உடம்பால கெடுத்துட்டேன். இதையும் ஒரு குறை சொல்லணுமா?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவரிடம் பதில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அதைச் சாக்காக வைத்து எழுந்துகொண்டார் என்பதை அவரே மறுக்க மாட்டார். "நாளைக்குக் காலையில என்கூடக் கடைக்கு வா. நீயே படுத்துப் பாத்து எடு" என்று மட்டும் சொன்னார்.

"பிரிச்ச மெத்தையைத் திரும்ப எடுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அது என் பாடு."

கடைக்குள்ளே அவள் அதுவரை வந்ததே இல்லை. ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து படிக்குக் கீழேயே நின்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். மூன்று படிகளில் ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு விட்டு ஏறினாள். மெத்தைக்காரர் பின்னாலேயே வந்தார். இடது காலை ஊன்றாமல், வலது பக்க இடுப்பைத் தூக்கித் தூக்கி அவள் ஏறுவதைப் பார்த்தார். வேறு யாராவது இப்படி ஏறியிருந்தால் அவர் அந்த நிமிஷமே சொல்லியிருப்பார், பல வருஷம் சரிவில் படுத்த இடுப்பு என்று.

கடை திறந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, வாங்குகிற ஆட்கள் யாரும் வரவில்லை. பில்லம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கண்ணால் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூலையில் காட்சிக்கு வைத்திருந்த மோட்டார் கட்டிலில் ஆறு இஞ்ச் லேடெக்ஸ் ஒன்று கிடந்தது. வெள்ளை உறை, நாடா கிடையாது, பார்க்கச் சாதாரணம். மனைவி விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அதையே சிறிது நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் படுக்க வைத்துத் தலைப்பக்கத்தைத் தூக்கினார். மெத்தை கட்டிலோடு ஒட்டிக்கொண்டு மடங்கியது. அவள் கை பழக்கத்தில் பக்கத்துக் கம்பியைத் தேடியது. பிறகு வழுக்கவில்லை என்று தெரிந்து கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவர் தன் கையை அவள் இடுப்புக்குக் கீழே நுழைத்துப் பார்த்தார். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் வேறு யாரையும் கையை வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. கை தடுத்துத் தடுத்துப் போயிற்று.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பே?" என்று கேட்டார்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இப்பவா கேக்கறீங்க? எனக்கு வலது பக்கம்தான் பிடிக்கும், சின்ன வயசிலேருந்து. ஆனா நம்ம மெத்தையில படுக்க முடியாதே. அந்தக் குழி இடது பக்கமாத் தள்ளிட்டே இருக்கும். அப்படியே பழகிருச்சு. என் உடம்பு போட்ட குழி, நான் யாரை நோகறது?"

இனிமேல் ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

"அது உன் உடம்பு போட்டது இல்லை" என்றார்.

சொல்லிவிட்டார். கை இன்னும் அவள் இடுப்புக்குக் கீழேதான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பழைய மெத்தைக் குவியலைச் சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியவரைச் சொன்னார். நீலப் பூ உறையைத் தைத்தது, அட்டையைக் கட்டியது, "பின்ன" என்றது, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக, இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொன்னதும் வீண் என்று தெரிந்து, "எந்தப் பக்கம் குழின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன்னைச் சுவர்ப்பக்கம் படுக்கச் சொன்னேன்" என்றார். குரல் தன் குரல் மாதிரியே இல்லை என்று அவருக்குப் பட்டது.

அவள் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பெரியவர் ரொம்பக் கனமோ?"

"பெரிய உடம்பு."

"ம்." மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள், "எத்தனை வருஷம் ராத்திரி அரைவயித்தோட படுத்திருப்பேன்? உங்களுக்கு முன்னாடிதானே தட்டை ஒதுக்கி வெப்பேன். குனிஞ்சு சாப்பிட்டுட்டே இருப்பீங்க. அப்பெல்லாம் தோணலையா?"

"தோணும். தினமும் தோணும்."

"தோணியும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவள் கண் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கிற்று. துடைக்கவில்லை. அவருக்குக் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் அவள் பதறி எழுந்திருப்பாள், அதற்கும் அவளுக்குத்தான் மூச்சு வாங்கும் என்று நின்ற இடத்திலேயே நின்றார். கையை மட்டும் மெல்ல உருவிக்கொண்டார்.

"முட்டிப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

பொத்தானை அழுத்தினார்.

"போதும்."

அவள் மெதுவாக வலது பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்தும் இல்லை, அவரைப் பார்த்தும் இல்லை, மெத்தைகள் வரிசையாக நிற்கிற பக்கம். ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராயிற்று. தூங்குகிறாளா, பேசப் பிடிக்காமல் கிடக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அதற்குள் ஒரு குடும்பம் படியேறி வந்தது, கணவன், மனைவி, கூடவே மாமியார். மற்ற விற்பனைக்காரர்கள் எதிர்கொண்டு போனார்கள். "இல்லைங்க, மெத்தைக்காரர்னு ஒருத்தர் இருக்காராம், அவரைத்தான் பாக்கச் சொன்னாங்க. பொய் சொல்ல மாட்டாராமே" என்றான் வந்தவன். பில்லம்மா மூலையைக் காட்டினாள். அவர்கள் அங்கே வந்து, கட்டிலில் ஆள் படுத்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

மெத்தைக்காரர் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் உட்காருங்க. ஒரு கஸ்டமர் பாத்துட்டு இருக்காங்க" என்றார்.

வந்தவர்கள் நகர்ந்து போனார்கள். கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலே அவள் பேசினாள்.

"கஸ்டமராவே வெச்சுக்கோங்க என்னை. அவங்களுக்குத்தானே நிஜத்தைச் சொல்றீங்க."

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் எழுந்திருக்க அவசரப்படவில்லை.